ஆதரவு சிகிச்சை ஆய்வுக்குத் தனி நிதி தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய கதிர்வீச்சுக் கருவி வந்தால் செய்தியாகிறது. கூடுதல் படுக்கைகள் திறந்தால் செய்தியாகிறது. புற்றுநோயாளியின் வலி, மூச்சுத்திணறல், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசுவதில்லை. மருத்துவமனைகளில் 'பேலியேட்டிவ் கேர்' எனப்படும் இச்சிகிச்சையை, நோய் கண்டறியப்பட்ட உடனேயே நம் நோயாளிகளுக்கு எவ்வாறு தருவது என்று ஆராய அரசு தனியே நிதி ஒதுக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

என் அண்ணன் தொண்டைப் புற்றுநோயால் இறந்தார். அவர் சிகிச்சை பெற்ற மருத்துவமனையிலேயே வலி நிவாரணப் பிரிவு இருந்தது. ஆனால் அங்கே போகும்படி எங்களிடம் சொன்னது அவர் இறப்பதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான். வலி என்று சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவார்களோ என்று அஞ்சி, அதுவரை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் "பரவாயில்லை" என்றே சொல்லிவந்தவர், வீட்டில் இரவெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே விடியலைப் பார்த்தார். வலி தணிக்கும் மார்ஃபின் மாத்திரை தொடங்கிய பிறகே படுத்து உறங்கினார். மருத்துவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் இடத்தில், யாரை எப்போது அப்பிரிவுக்கு அனுப்புவது என்று வகுத்த நடைமுறை எதுவும் அவர் கையில் இல்லை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நிலையிலான நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது, வாழ்க்கைத் தரம் மேம்பட்டிருந்தது. இறுதிக்கட்டத்தில் அவர்களுக்குத் தீவிர சிகிச்சைகள் குறைவாகவே தரப்பட்டும், இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம்) 11.6 மாதங்களாக இருந்தது. மற்றவர்களுக்கு அது 8.9 மாதங்கள். இவ்வாய்வை நடத்தியது பெருநிறுவனப் பணமன்று. ஆய்வாளர் ஒருவரின் வளர்ச்சிக்கென அந்நாட்டுப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் அளித்த நிதியும் கொடையாளர்களின் நன்கொடையும்தான்.

அதை அப்படியே இங்கே நட்டுவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளர்கள் 180 பேரிடம் இதே கேள்வியோடு நடந்த ஆய்வில், வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதைக் காட்டி ஆதரவு சிகிச்சை வீண் என்று முடிவு கட்டுவது தவறு. நம்மிடையே வாய், தொண்டைப் புற்றுநோய்கள் மிகுதி. பலர் நோய் முற்றிய பிறகே வருகிறார்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. நோயின் பெயரையே நோயாளியிடம் மறைக்கும் வீடுகளும் உண்டு (எங்கள் வீட்டிலும் முதலில் 'கட்டி' என்றுதான் சொன்னோம்). இத்தகைய நிலையில் எந்த வடிவில், யார் மூலம், எத்தனை நாளுக்கு ஒருமுறை தந்தால் பலன் கிட்டும் என்பதற்கு பாஸ்டனில் விடை கிடைக்காது.

தமிழ்நாட்டில் அதற்கான களம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவு சிகிச்சையும் செவிலியர் மூலம் வீடு தேடி வருகிறது. அச்செவிலியரை முதல் கீமோவின்போதே நோயாளியோடு இணைத்தால் வலி குறைகிறதா, பாதியில் சிகிச்சையை விடுவோர் குறைகிறார்களா, பராமரிக்கும் மனைவிக்கோ மகளுக்கோ சுமை தணிகிறதா என்று சில மாவட்டங்களில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2008இலேயே ஆதரவு சிகிச்சைக்கெனக் கொள்கை வகுத்த கேரளத்தின் அனுபவமும் பக்கத்திலேயே உண்டு.

புதிய மருந்துக்கான ஆய்வென்றால் அதை விற்கப்போகும் நிறுவனம் செலவிடும். ஆதரவு சிகிச்சையில் விற்பதற்கு என்ன இருக்கிறது? மார்ஃபின் பழைய மருந்து, விலையும் குறைவு. மீதியெல்லாம் செவிலியரின் நேரமும் காது கொடுத்துக் கேட்பதும்தான். ஆகவே பொதுப்பணம்தான் வழி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில சுகாதாரத் துறையும் இளம் மருத்துவர்களுக்கும், குறிப்பாகச் செவிலியர்களுக்கும், இத்துறைக்கெனத் தனி ஆய்வு நிதியை அறிவிக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின்படி சமூகப் பொறுப்புக்கெனச் செலவிடும் நிறுவனங்களும், பெயர்ப்பலகை மாட்ட இடமுள்ள கருவிகளுக்கு மட்டும் கொடுக்காமல், இதற்கும் ஒரு பங்கு தர முன்வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கரூர்.