அந்த ரெண்டு சொட்டு கண் நீரை கையாண்ட எல்லாருக்கும் நன்றி

நேத்து அப்பா வலது கண்ண கையால பொத்திக்கிட்டு இடது கண்ணால மட்டும் மாத்திரை அட்டைல இருக்குற பொடி எழுத்த படிச்சு காட்டினாரு, அத பாத்ததுல இருந்து இத எழுதியே ஆகணும்னு இருக்கு.

மூணு மாசம் முன்னாடி அதே கண்ணுல ஜன்னல் கம்பி கூட தெரியல. மொதல்ல செவந்துச்சு, அப்புறம் கொசு பறக்குற மாதிரி கருப்பா மிதக்குதுன்னாரு. முதல்ல காட்டின இடத்துல சாதாரண வீக்கம்னு சொல்லி ஸ்டீராய்டு சொட்டு மட்டும் குடுத்தாங்க, ஒரு வாரம் விட்டோம், செவப்பு கொறஞ்சுச்சு, பார்வையும் சேந்தே கொறஞ்சுச்சு.

அடுத்து பாத்த விழித்திரை டாக்டரம்மாவுக்கு மொத நன்றி. விழித்திரை ஓரத்துல வெள்ளை திட்டு இருக்கு, வைரஸ் மாதிரி தெரியுது, எதுன்னு உறுதி பண்ணணும்னு சொல்லி, மரத்துப்போற சொட்டு விட்டு மெல்லிசு ஊசியால கண்ணோட முன்பக்கத்துல இருந்து 0.1 மில்லி நீர் எடுத்தாங்க. ரிசல்ட்டுக்கு காத்திருக்காம அசைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்து டிரிப்பையும் அன்னிக்கே ஆரம்பிச்சாங்க, இந்த நோய்ல ஒவ்வொரு நாளும் விழித்திரை அரிச்சுக்கிட்டே போகுமாம்.

அந்த குட்டி டியூப்ப ஐஸ் பெட்டில வெச்சு லேபுக்கு கொண்டு போனது நான்தான். தூக்கி பாத்தா அடியில ரெண்டு சொட்டுதான், இதுல என்னத்த கண்டுபிடிப்பாங்கன்னு வயித்த கலக்குச்சு. லேப் அக்கா என் மூஞ்சிய பாத்துட்டே பொறுமையா சொன்னாங்க, கல்ச்சர்ல வளக்க இது பத்தாது, நாளும் ஆகும், பிசிஆர்ங்கிற நகல் எடுக்குற டெஸ்ட்டுக்கு இது போதும், வைரஸோட டிஎன்ஏவ 95 டிகிரிக்கு சூடாக்கி பிரிச்சு, ஆற வெச்சு, திரும்ப நகல் எடுக்க எடுக்க ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு மடங்காகும், 30 சுத்துல ஒண்ணு நூறு கோடிய தாண்டிடும்னு.

ராத்திரி ஸ்கிரீன்ல காட்டினாங்க. அப்பாவோட சாம்பிள்ல நகல் பெருகுறத காட்டுற கோடு வளைஞ்சு மேல ஏறுது, வெறும் தண்ணி வெச்ச டியூப்ல தரையோட தரையா கிடக்குது. இந்த தண்ணில கோடு எழும்பியிருந்தா எங்கயோ கலந்துடுச்சுன்னு அர்த்தம், ரிசல்ட்ட தூக்கி போட்டுட்டு மறுபடி ஓட்டணும்னாங்க. நாம யாரும் பாக்காத எடத்துல இவ்ளோ நேர்மையா வேலை நடக்குதுன்னு அன்னிக்குதான் தெரிஞ்சுச்சு, கண்ணு கலங்கிடுச்சு எனக்கு.

அதே நீர்ல ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ், சைட்டோமெகலோ, டாக்ஸோபிளாஸ்மான்னு கண்ண தாக்குற வேற கிருமிங்க எல்லாம் பாத்தாங்க, இல்ல. வந்தது சின்னம்மை வைரஸ். சின்ன வயசுல அப்பாவுக்கு போட்ட அம்மை, நரம்புல பதுங்கி கிடந்து இத்தன வருஷம் கழிச்சு கண்ணுல எழுந்திருக்கு. ரிப்போர்ட் பிரிண்ட் ஆகட்டும்னு இருக்காம டாக்டருக்கு உடனே போன் பண்ணின லேப் டாக்டருக்கும் நன்றி.

எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை டிரிப் மாத்தின நர்ஸ்கள், ஒடம்புல வேற தொத்து இருக்கான்னு எச்ஐவி, சிபிலிஸ் டெஸ்ட்டும் நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுத்து, அந்த மருந்து கிட்னிய பாதிக்கக்கூடாதுன்னு விடாம ரத்தம் பாத்த பொது மருத்துவர், ராத்திரி பூரா உக்காந்த தம்பி, எல்லாருக்கும் கடமைப்பட்டிருக்கோம்.

ஓரப் பார்வை கொஞ்சம் போனது போனதுதான். இன்னொரு கண்ணுக்கும் வரலாம்னு மாத்திரை இன்னும் ஓடுது. லேப் அக்காவ அப்பா பாத்ததே இல்ல, அடுத்த செக்கப்புக்கு போறப்ப அந்த லேப் வாசலுக்கு கூட்டிட்டு போடான்னு இப்பவே சொல்லி வெச்சிருக்காரு.