கோல்மன் பதக்கத்தின் கணக்கு மாற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஆண்டுதோறும் அதிக கோல் அடிக்கும் வீரருக்கு வழங்கப்படும் கோல்மன் பதக்கத்துக்கு, எல்லா அணிகளும் ஆடும் வழக்கமான சுற்றான உள்ளூர் வெளியூர்ச் சுற்றில் அடித்த கோல்கள் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதன்பின் முன்னணி அணிகள் மட்டும் செப்டம்பரில் ஆடும் இறுதிச் சுற்று ஆட்டங்களின் கோல்களையும் இதில் சேர்க்க வேண்டும் என்று ரசிகர்கள் சிலர் வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த மாற்றம் பதக்கத்தின் நியாயத்தையே கெடுத்துவிடும் என்று உறுதியாக நம்புவதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2012ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ரிச்மண்ட் அணியின் ஜாக் ரீவோல்ட் 65 கோல்களுடன் அந்த ஆண்டுப் பதக்கத்தை வென்றார். ஹாத்தோர்ன் அணியின் லான்ஸ் ஃபிராங்க்ளின் பருவம் முழுவதிலுமாக 69 கோல்கள் அடித்திருந்தார். அவரது அணி பட்டத்தைத் தீர்மானிக்கும் கிராண்ட் ஃபைனல் வரை சென்றதால் அவருக்குக் கூடுதல் ஆட்டங்கள் கிடைத்தன. ரிச்மண்டோ இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறவில்லை. இரு சுற்றுகளின் கோல்களையும் கூட்டிப் பதக்கம் கொடுத்திருந்தால், ரீவோல்ட் களத்தில் இறங்கவே வாய்ப்பில்லாத ஆட்டங்களால் அவர் தோற்றிருப்பார். ஃபிராங்க்ளினின் ஆற்றலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் நான்கு முறை இதே பதக்கத்தை வென்றவர், அதுவும் இப்போதுள்ள விதியின்படியே வென்றவர்.

தன் அணி வலுவாக இல்லாதபோதும் தனித்து நிற்கும் ஒரு முன்கள வீரரை அடையாளம் காட்டுவதுதான் இந்தப் பதக்கத்தின் பெருமை என்று கருதுகிறேன். 1987இல் செயின்ட் கில்டா அணி இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஆயினும் அதன் ஃபுல் ஃபார்வர்டு (கோலுக்கு மிக அருகில் ஆடும் முன்கள வீரர்) டோனி லாக்கெட் 117 கோல்கள் அடித்துக் கோல்மன் பதக்கத்தை வென்றதோடு, நடுவர்களின் வாக்குகளால் சிறந்த வீரருக்கு வழங்கப்படும் பிரௌன்லோ பதக்கத்தையும் அதே ஆண்டில் ஹாத்தோர்னின் ஜான் பிளாட்டனுடன் பகிர்ந்துகொண்டார். ஒரே ஆண்டில் இவ்விரண்டையும் வென்றவர் வேறு எவருமில்லை. பிரௌன்லோ வாக்குகளும் உள்ளூர் வெளியூர்ச் சுற்றுக்கு மட்டுமே உரியவை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நடுவர்களின் வாக்குக்குப் பொருந்தும் நியாயம் கோலுக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று, பதக்கம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அவரிடமிருந்தே வருகிறது. எஸ்ஸெண்டன் அணியின் ஜான் கோல்மன் 1949இல் தம் முதல் ஆட்டத்திலேயே 12 கோல்கள் அடித்தவர். அதே பருவத்தின் நூறாவது கோலை அவர் அடித்தது கிராண்ட் ஃபைனலின் கடைசி நிமிடங்களில்தான். இன்றைய விதியின்படி அந்தக் கோல் அவர் பெயரிலுள்ள பதக்கத்தின் கணக்கில் வராது. இதைச் சுட்டிக்காட்டுவோரின் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால், அந்த நூறாவது கோலின் புகழ் எந்தப் பதக்கத்தையும் நம்பியிருக்கவில்லை. 1971இல் ஹாத்தோர்னின் பீட்டர் ஹட்சன் கிராண்ட் ஃபைனலில் மூன்று கோல்கள் அடித்து, 1934இல் சவுத் மெல்பேர்னின் பாப் பிராட் படைத்திருந்த 150 கோல் சாதனையைச் சமன் செய்ததையும் எல்லாரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பருவ மொத்தத்துக்கு அதற்குரிய இடம் ஏற்கெனவே இருக்கிறது.

மேலும், கோல்மன் 98 ஆட்டங்களில் 537 கோல்கள் அடித்து, 1954இல் ஏற்பட்ட முழங்கால் காயத்தால் 25 வயதிலேயே ஆட்டத்தை நிறுத்த நேர்ந்தவர். ஆட்டங்கள் குறைவாகக் கிடைத்த ஒருவரின் பெயரால் வழங்கப்படும் பரிசு, ஆட்டங்கள் அதிகம் கிடைத்தவர்களின் பக்கம் சாய்வது எனக்கு உகந்ததாகப் படவில்லை. இப்பதக்கம் 1981இலிருந்து வழங்கப்பட்டாலும், பின்னோக்கி 1955 முதலான வெற்றியாளர்களுக்கும், அதாவது அவர் ஆட முடியாமற்போன முதல் பருவத்திலிருந்து, பொருந்துமாறு அமைக்கப்பட்டது.

இப்போதைய முறை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. 18 அணிகள் 23 ஆட்டங்கள் ஆடும்போது சில எதிரணிகளை இருமுறையும் மற்றவற்றை ஒருமுறையும் சந்திக்க நேர்கிறது. ஒருவருக்குத் தளர்ந்த தற்காப்பும் இன்னொருவருக்கு இறுக்கமான தற்காப்பும் வாய்ப்பது தவிர்க்க முடியாதது. ஆயினும் ஆட்டங்களின் எண்ணிக்கையாவது எல்லா அணிகளுக்கும் ஒன்றாக இருக்கிறது. சுருக்கப்பட்ட 2020 பருவத்தில் ஜீலோங்கின் டாம் ஹாக்கின்ஸ் 42 கோல்களுடன் வென்றபோதும் அந்தச் சமநிலை குலையவில்லை.

தங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கோல் அடித்தோர் பட்டியலை வெளியிடும்போது பதக்கக் கணக்கையும் பருவ மொத்தத்தையும் இரு தனித்தனி நிரல்களில் தாருங்கள். 2008இல் ஃபிராங்க்ளின் அடித்தவை மொத்தம் 113. பதக்கத்துக்குக் கணக்கானவை 102. ஒரே எண்ணை மட்டும் பார்க்கும் வாசகர் எது எதற்குரியது என்று அறிய வழியில்லை. கோலுக்கு ஆறு புள்ளிகள், பிஹைண்டுக்கு (கோல் கம்பங்களுக்கு வெளியேயுள்ள பக்கக் கம்பங்களுக்கிடையே பந்து செல்வது) ஒரு புள்ளி, பிஹைண்டுகள் இந்தப் பதக்கக் கணக்கில் வருவதில்லை என்ற குறிப்பையும் பட்டியலின் அடியில் சேர்த்தால், இவ்வாட்டத்தைப் புதிதாகப் பின்தொடரும் தமிழ் வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மெல்பேர்ன்