எங்கள் அம்மாவைத் தாங்கிப் பிடித்த ஊருக்கு

பெரியவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும் வணக்கம்.

மே 31-ஆம் தேதியோடு எங்கள் அம்மா கிராம சுகாதார செவிலியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். துணை சுகாதார நிலையத்து வாசலில் பந்தல் போட்டு, சால்வை போர்த்தி, மலையிலிருந்து சாமை அரிசியும் தேனும் கொண்டு வந்து கொடுத்து அனுப்பி வைத்தீர்கள். மைக்கைக் கையில் கொடுத்ததும் அம்மாவால் இரண்டு வரிக்கு மேல் பேச முடியவில்லை. அன்று அவர் தொண்டையில் நின்றுபோனதை மகள் நான் எழுதுகிறேன்.

அம்மா 1992-ல் வேலைக்குச் சேர்ந்தார். நியமன ஆணையில் 'வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்றிருக்கும். திருவண்ணாமலை தனியாகப் போய் மூன்று வருடம் ஆகியிருந்த நேரம். அப்புறம் அது வேலூர் மாவட்டம் ஆனது. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. நடுவில் அம்மாவுக்கு மாற்றல் வந்தபோதுகூட அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்தை விட்டு அவர் போகவில்லை. 33 வருடம் இந்த மலையடிவாரத்திலேயே ஓடிவிட்டது.

முதல் நன்றி, ஊரின் பழைய மருத்துவச்சி ஆயாவுக்கு. அவர் இப்போது இல்லை. 27 வயதில் கையில் பையோடு வந்து நின்ற அம்மாவைப் பார்த்து, தன் பிழைப்புக்குப் போட்டி என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கவே இல்லை. எந்த வீட்டில் எத்தனை மாசம் என்று கூடவே நடந்து காட்டினார். 1995 டிசம்பரில் முதல்முறையாக நாடு முழுக்க போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்களே, அப்போது பல வீடுகளில் பயம். 'இதைக் கொடுத்தால் பின்னாடி பிள்ளை பிறக்காதாம்' என்று கதவைச் சாத்தினார்கள். ஆயா தன் பேரனை இடுப்பில் தூக்கி வந்து, எல்லார் கண்ணெதிரிலும் அவன் வாயைத் திறந்து காட்டி, "எம் பேரனுக்கே போடு, பார்க்கட்டும்" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் சாத்திய கதவெல்லாம் திறந்தது. 2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ இல்லை என்று சான்றிதழ் கிடைத்த செய்தி டிவியில் வந்தபோது, அம்மா முதலில் சொன்ன பேர் அந்த ஆயாவுடையதுதான்.

அடுத்து டவுன் பஸ் கண்டக்டர் அண்ணனுக்கு. புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்க வேண்டும். பெட்டியின் நாலு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் குப்பிகள். சூடு பட்டால் மருந்தின் வீரியம் போய்விடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. அதனால் வழி முழுக்க அம்மாவுக்கு அந்தப் பெட்டி மேல்தான் கண். "முன்னாடி வேணாம் நர்சம்மா, இன்ஜின் சூடு" என்று அண்ணன் அதைக் கையில் வாங்கி, பின்னால் தன் சீட்டுக்கு அடியில் வெயில் படாமல் வைப்பார். அம்மா வரத் தாமதமானால் டிரைவரிடம் "மருந்துப் பெட்டி வரணும்" என்பார். பஸ் நிற்கும். ஒரு பயணிகூட முணுமுணுத்ததில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

பால் வண்டி ஓட்டிய மாமாவை எப்படி மறப்பது? 108 ஆம்புலன்ஸ் வந்ததே 2008-ல்தான். அதற்கு முன்னால் ராத்திரியில் வலி வந்தால் அவர் வண்டிதான். ஒரு மழைக்காலம். கானாற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. வெள்ளம் கொஞ்சம் இறங்கும்வரை காத்திருந்து, நாலு பேர் டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அம்மா பக்கத்திலேயே நடந்தபடி, ஒரு கையால் அந்தப் பெண்ணின் நாடியைப் பிடித்திருந்தார். இக்கரையில் மாமா பால் கேன்களை இறக்கி ரோட்டோரம் அடுக்கிவிட்டு, வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் தன் போர்வையை விரித்துத் தயாராக நின்றார். அன்றைக்குப் பால் கெட்டுப்போன நஷ்டத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. தாயும் பிழைத்தார், பிள்ளையும் பிழைத்தது. பந்தலுக்கு வாழைமரம் கட்டியது அந்தப் பிள்ளைதான்.

கர்ப்பிணிகள் பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாறியபோது அம்மா தடுமாறிப்போனார். கர்ப்பத்தைப் பதியும்போது கிடைக்கும் பிக்மி எண் இல்லாமல் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதே கஷ்டம், அதில் தப்பு வந்துவிடுமோ என்று தூக்கம் வராது. திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக் கொடுத்த காலேஜ் பிள்ளைகளுக்கு நன்றி. அம்மா கையால் தடுப்பூசி போட்டுக்கொண்டு வளர்ந்த பிள்ளைகள் நீங்கள்.

இனி எனக்காக ஒரு நன்றி. அம்மா யார் யார் பிள்ளைகளையோ பார்க்கப் போன நேரத்தில் என்னையும் தம்பியையும் பார்த்துக்கொண்டது அங்கன்வாடி அக்காவும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும். புதன்கிழமை எனக்கு இரட்டைச் சடை பின்னி விடுவது பெரியம்மாதான். எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வைத்து இழுத்துப் பின்னுவார், சாயங்காலம் வரை ஒரு முடி கலையாது. அவர் வீட்டுக் களியும் முள்ளுக்கத்திரிக்காய்க் குழம்பும் இல்லாமல் நாங்கள் வளர்ந்திருக்க மாட்டோம். அப்பாவைப் பற்றி எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் விடுகிறேன்.

கூட வேலை பார்த்த செவிலியர்கள், டாக்டர்கள், ஆஷா அக்காக்கள், கொரோனா நேரத்தில் வீட்டு வாசலில் மோர் வைத்துவிட்டுத் தள்ளி நின்றவர்கள், எல்லாருக்கும் நன்றி. யாரையாவது விட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வரும் தங்கைக்காக அம்மா ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறார். எந்தத் தாய்க்கு ரத்தம் குறைவு, எந்த வீட்டில் மாமியாரிடம் முதலில் பேச வேண்டும், எந்த நாய் கடிக்கும் என்பது வரை அதில் இருக்கிறது. அந்தப் பெண்ணையும் இதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் பக்கம் வந்தால் சாப்பிடாமல் போகாதீர்கள்.

அன்புடன்,
நர்சம்மாவின் மகள்