மடியில் கிடத்தி வாசிக்க

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. விரல் மூட்டு வலி தாங்காமல் கிட்டாரை மூலையில் சாத்திவிட்டதாகவும், அதன் கழுத்தும் வளைந்து தந்தி எல்லாம் மேலே ஏறிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். யாருக்கும் கொடுத்துவிடாதே. உனக்கும் அதற்கும் ஒரே வைத்தியம்தான்: ஹவாய்க்காரர்கள் மாதிரி மடியில் கிடத்தி வாசி. எனக்கும் இப்போதெல்லாம் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தி கார்டு பிடிக்க விரல் ஒத்துழைப்பதில்லை. அதனால் நானும் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்.

இந்தப் பாணியில் தந்தியை ஃபிரெட் (கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அழுத்துவதே கிடையாது. தந்தி மேல் ஓர் இரும்பு பார் ஓடும், ஃபிரெட் வெறும் அடையாளக் கோடு. ஆகவே கழுத்து கொஞ்சம் வளைந்திருந்தால் பரவாயில்லை. பெட்டி மேல் தந்திகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பெயராமல் இருக்கிறதா, கழுத்து மூட்டு விடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

முதல் வேலை, கழுத்தின் தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் நட்டின் மேல், உயரம் கூட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் நட்டை மாட்டுவது. ஒட்ட வேண்டாம், தந்தியின் இழுப்பே அதைப் பிடித்துக்கொள்ளும். தந்திகள் பலகையிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் போதும். அப்புறம் சேடில், பிரிட்ஜில் தந்திகளைத் தாங்கும் பட்டை. சாதாரண கிட்டாரில் அது லேசாக வளைந்திருக்கும், இங்கே நேராக இருக்க வேண்டும். ஆறு தந்திகளின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வந்தாக வேண்டும். தடித்த தந்திக்கு நட்டில் பள்ளம் கூடுதல் ஆழம் வேண்டும் என்பது இதனால்தான். பாரை வைத்து ஒவ்வொன்றாக மீட்டிப் பார், எது இரைகிறதோ அது தாழ்ந்திருக்கிறது. சேடிலை மட்டும் ஒரேயடியாக உயர்த்திவிடாதே. பிரிட்ஜ் பாரம் தாங்காது.

சுருதிக்கு ஓப்பன் டி-யில் தொடங்கு, அதாவது எதையும் அழுத்தாமல் மீட்டினாலே டி கார்டு ஒலிக்கும் சுருதி. தடித்த தந்தியிலிருந்து: டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. வழக்கமான சுருதியிலிருந்து நான்கு தந்திகள் இறங்கும், இரண்டு அப்படியே இருக்கும். பழைய பெட்டிக்கு அது பாதுகாப்பு. ஓப்பன் ஏ-யில் மூன்று தந்திகளை ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும், உன் கிட்டாருக்கு வேண்டாம். இறக்கி வாசிப்பதால் 013-இல் (மெல்லிய தந்தி 0.013 அங்குலம்) தொடங்கும் கனத்த தந்திக் கட்டு போடலாம். மெல்லிய தந்தி பாருக்கு அடியில் தளர்ந்து போகும்.

இனி கை விஷயம். பாரை ஃபிரெட்டுக்குப் பின்னால் அல்ல, கோட்டுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் கண் ஏமாற்றும், கடைசியில் காதுதான் நீதிபதி. அழுத்தாதே, பாரின் எடையே போதும். அழுத்தினால் தந்தி இழுபட்டு சுருதி ஏறிவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பாருக்குப் பின்னால் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்தியை லேசாகத் தொட்டபடியே கூடப் போக வேண்டும். இல்லாவிட்டால் நட் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து முனகும். ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கி இழுப்பதிலேயே மயங்குகிறார்கள். என்னைக் கேட்டால், எந்த ஒலியை எப்போது நிறுத்துவது என்பதில்தான் வாசிப்பே இருக்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது வலக்கை உள்ளங்கை விளிம்பால் தந்தியை அமர்த்து. சறுக்கலை ஆசைப்பட்ட இடத்தில் மட்டும் வை. அதிர்வும் அப்படித்தான், சின்னதாக, சுரத்தைச் சுற்றி. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வைசன்போர்ன் வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். 1920-களில் லாஸ் ஏஞ்சலிஸில் ஹெர்மன் வைசன்போர்ன் செய்த, மடியில் வைத்து வாசிக்கும் கிட்டார்கள் அவை. பெரும்பாலும் ஹவாயின் கோவா மரம், கழுத்தும் உள்ளே வெற்றுக் கூடு. அந்த வெற்றுக் கூடு தரும் ஒலிக்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1927-இல் நேஷனல் கம்பெனியின் உலோகக் கூம்பு கிட்டார் சத்தத்தில் அதை முந்தியது. 1932-இல் ரிக்கன்பேக்கரின் லேப் ஸ்டீல், அதாவது மடியில் வாசிக்கும் மின் கிட்டார், விற்பனைக்கு வந்து இரண்டையும் முந்தியது. இவை எதுவும் இல்லாமல்தான் ஹவாயின் ஓஹூ தீவில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவன் 1889 வாக்கில் இந்தப் பாணியைத் தொடங்கினான். சீப்பு, பேனாக்கத்தி என்று பலதையும் தந்தி மேல் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் எஃகு உருளைக்கு வந்தான் என்று சொல்வார்கள். பெட்டி சாதாரண கிட்டார்தான். உனக்கும் இப்போதைக்கு அது போதும்.

பார் வாங்கும்போது கையில் எடுத்துப் பார்த்து வாங்கு. பக்கவாட்டில் பள்ளம் உள்ளது பிடிக்க வசதி. வழுவழுவென்ற உருண்டை வகை சாய்த்து வாசிக்க எளிது, ஆனால் வியர்த்த கையில் நழுவும். மூட்டு வலிக்கிற உனக்குப் பள்ளம் உள்ளதுதான் சரி. நட் மாட்டியதும் தந்தி எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி