கடல்நீர்த் தொட்டி வளர்ப்போர் சங்கம், சென்னை: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் தடையில்லாமல் நடந்தன. நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தபோது மின்சாரம் போன வீடுகளுக்கு பேட்டரி ஏர் பம்ப்பும் இன்வெர்ட்டரும் கை மாறிக் கை மாறிப் போய்ச் சேர்ந்தன. இரவில் வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிய உறுப்பினர்களுக்கு சங்கத்தின் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகப் படிப்பார்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது ஒரே ஒரு விஷயத்தைப் பற்றித்தான். வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அங்கே கடலில் பிடித்த உயிர்களைப் பெட்டியில் வைத்து வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவரலாமா? மாலத்தீவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தம்பி இதைக் கூட்டத்தில் நேராகவே கேட்டார்: "ஒரு சின்ன அனிமோன், ரெண்டு ஹெர்மிட் நண்டு. தண்ணி பாட்டில்ல போட்டு எடுத்துட்டு வந்தா என்னங்க ஆயிடப் போகுது?" (அனிமோன் என்பது பாறையில் ஒட்டி வாழும், பூப்போலத் தெரியும் கடல் விலங்கு; ஹெர்மிட் நண்டு காலிச் சங்குக்குள் குடியிருப்பது.) மனசுக்குள் பலருக்கும் இருந்த கேள்வியை அவர் வாய்விட்டுக் கேட்டதற்காக அவரை நான் மதிக்கிறேன். அதன் பிறகு பல கூட்டங்களில் இதைப் பேசி, கடைசியில் தீர்மானம் நிறைவேற்றினோம். அதற்கான காரணங்கள் பதிவில் இருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல் குதிரையும் அதே ஆண்டில் சேர்ந்தது. இது எந்த நாட்டுக் கடலில் எடுத்த பவளம் என்று அட்டவணை பிரித்துப் பார்ப்பதில்லை. முதல் அட்டவணைக் குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அப்புறம், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம். 1976 முதல் இந்தியா அதில் உறுப்பு நாடு. கல் பவளம், ராட்சத மட்டி, கடல் குதிரை எல்லாம் அதன் இரண்டாம் பட்டியலில் வருகின்றன. எடுத்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் இவை எல்லை தாண்டக் கூடாது. மாலத்தீவைப் பொறுத்தவரை பவளத்தை வெளியே கொண்டுபோகவே தடை. பட்டியலில் இல்லாத சாதாரண மீன் என்றாலும் கதை முடிவதில்லை. உயிருள்ள அலங்கார மீனை இந்தியாவுக்குள் கொண்டுவர சுகாதார இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் நோயின்மைச் சான்றும், வந்திறங்கியதும் குவாரண்டைனும் (தனியே வைத்து நோய் பார்ப்பதும்) வேண்டும். கைப்பெட்டியோடு வருகிற பயணிக்கு இது எதுவும் இருக்காது.

"ஒரு ஆளுக்கு நாலு கடல் குதிரை வரைக்கும் அனுமதி உண்டு" என்று ஒரு உறுப்பினர் படித்ததைக் காட்டினார். அப்படி ஒரு சலுகை சைட்டிஸில் இருப்பது உண்மைதான். ராட்சத மட்டி ஓட்டுக்கும் ஆளுக்கு மூன்று, மொத்தம் 3 கிலோவுக்கு மிகாமல் என்று உண்டு. ஆனால் அது செத்துக் காய்ந்த நினைவுப் பொருளுக்கான சலுகை. உயிருள்ள விலங்கு அந்த 'சொந்தப் பொருள்' வரையறைக்குள் வருவதே இல்லை. அதோடு எந்த நாடும் இதைவிடக் கடுமையான விதி வைத்துக்கொள்ளலாம், நம் நாடு வைத்திருக்கிறது. ஆகவே காய்ந்த கடல் குதிரையோ, கரையில் கிடந்த பவளத் துண்டோ கூட பெட்டியில் வேண்டாம்.

சட்டம் சொன்னால் ஒரு கூட்டம் கேட்கும், இன்னொரு கூட்டம் வழி தேடும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தப் பாட்டிலுக்குள் நடப்பது.

"ரெண்டு மணி நேர பிளைட்தானே" என்பார்கள். தீவிலிருந்து படகு, விமான நிலையத்தில் காத்திருப்பு, பயணம், சுங்கம், வீடு வரை டாக்சி என்று கூட்டிப் பாருங்கள், பகல் முழுக்கப் போய்விடும். தொழிலாக ஏற்றுமதி செய்கிறவர்கள் மீனைப் பிடித்து சில நாள் வைத்திருந்து, ஒன்றிரண்டு நாள் பட்டினி போட்டு, வயிறு காலியான பிறகே கட்டுகிறார்கள். இரட்டை பாலிதீன் கவர், கொஞ்சம் தண்ணீர், மேலே நிறைய ஆக்சிஜன், வெளியே தெர்மோகோல் பெட்டி, ஒரு கவருக்கு ஒரு மீன். சுற்றுலாப் பயணியோ முந்தின நாள் மாலை பிடித்ததை வயிறு நிறைந்தபடியே பாட்டிலில் போடுகிறார்.

மூடிய தண்ணீரில் மீன் மூச்சு விட விட கார்பன் டை ஆக்சைடு சேர்கிறது, பி.எச். இறங்குகிறது, அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடுகிறது. கழிவாக வரும் அம்மோனியாவும் ஏறுகிறது. பி.எச். இறங்கியிருக்கும்வரை அந்த அம்மோனியாவில் பெரும்பகுதி அம்மோனியமாக மாறி, அவ்வளவாக விஷமில்லாமல் கிடக்கிறது. மீனும் சமாளித்து நீந்திக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பி.எச். விறுவிறுவென்று ஏறும், சும்மா கிடந்த அம்மோனியம் மறுபடி அம்மோனியாவாக மாறிச் செவுளைச் சுடும். நாமோ அந்த நேரம் பார்த்து ஏர் டியூப்பை மாட்டி, "மெதுவாகப் பழகட்டும்" என்று ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிறோம். உயிரோடு வந்து சேர்ந்த மீன் மறுநாள் காலையில் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கடையில் வாங்குகிறவர்களும் இதை மனதில் வையுங்கள். நீண்ட பயணம் வந்த கவரைத் திறந்தால், வெப்பமும் உப்பளவும் ஏற்கெனவே பொருத்தி வைத்த குவாரண்டைன் டேங்க்குக்கு மீனைச் சீக்கிரம் மாற்றிவிடுங்கள், கவர் தண்ணீரை உள்ளே ஊற்றாதீர்கள்.

அனிமோன் இன்னும் மோசம். பாறையிலிருந்து பெயர்க்கும்போது அடித்தட்டு கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. சாகும்போது கரைந்து தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும்.

நண்டு, சங்கு கொண்டுவந்தால் நோய் வராது, அது மீன் இல்லையே என்றும் ஒரு வாதம் வந்தது. மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோயைக் கொடுக்கும் கிரிப்டோகாரியான் என்ற ஒட்டுண்ணி நண்டைத் தாக்காது என்பது சரி. ஆனால் மீனின் உடம்பை விட்டு உதிர்ந்த பிறகு அது கூடு கட்டிக்கொண்டு எந்தக் கெட்டியான பரப்பிலும் ஒட்டும். சங்கின் ஓடும் பாறைத் துண்டும் அதற்குப் போதும். அந்தக் கூடு வாரக்கணக்கில் பொறுத்திருந்து வெடிக்கக் கூடியது. மீனே இல்லாமல் 76 நாள் தொட்டியைக் காலியாக விட வேண்டும் என்று நாம் சொல்வது அதனால்தான்.

இன்னொன்று, கைக்கு ஆபத்து. கூம்புச் சங்கு அழகாக இருக்கும். உயிருள்ளதைக் கையில் எடுத்தால், சில வகைகளின் கொட்டு ஆளையே கொல்லும். நீல வளைய ஆக்டோபஸின் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. ஆழமில்லாத தண்ணீரில் தென்படுவதையெல்லாம் பாட்டிலில் பிடிக்கிற ஆசைக்கு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாற்றுக் கருத்துகளையும் முழுதாகக் கேட்டோம். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "கொளத்தூர்ல விக்கிற கடல் மீனும் கடல்ல புடிச்சதுதானே, அதுக்கு மட்டும் என்ன?" என்று நம் கொளத்தூர் அலங்கார மீன் சந்தையைப் பற்றிக் கேட்டார். நியாயமான கேள்வி. கடல்நீர்த் தொட்டிக்கு வருகிற மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவைதான். பிலிப்பைன்ஸில் 1960களில் தொடங்கிய சயனைடு மீன்பிடிப்பு இந்தத் தொழிலைத் தொடர்ந்து வருகிற அவலம். இந்தோனேசியாவின் பங்காய் கார்டினல் மீனையும் பாருங்கள். குட்டிகள் மிதந்து வேறு இடம் போகாமல், தந்தையின் வாயிலிருந்து நேரே வெளிவந்து அங்கேயே வளர்கிற மீன் அது. ஒரு இடத்தில் வழித்து எடுத்துவிட்டால் பக்கத்துத் தீவிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை. 1990களில் அலங்கார மீன் சந்தை அதைக் கண்டுகொண்டது, 2007இல் அழியும் ஆபத்திலுள்ள பட்டியலில் அது ஏறியது. ஆகவே கடை மீன் என்றாலே சுத்தம் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டியில் கொண்டுவருவதைத் தடுத்துவிட்டுக் கடையில் கேள்வி கேட்காமல் வாங்குவதும் சரியில்லை. தீர்மானத்தில் இரண்டாம் பகுதி சேர்ந்தது அவர் கேள்வியால்தான்.

இன்னொருவர் சொன்னது மனதைத் தொட்டது. 2024 கோடையில் கடல் சூடாகி லட்சத்தீவிலும் பவளம் பெரிய அளவில் வெளுத்தது. "எப்படியும் அங்கே சாகப் போவது நம் தொட்டியிலாவது பிழைக்கட்டுமே" என்றார். அவர் அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தச் சூட்டிலும் நிறம் மாறாமல் நிற்கிற பவளம்தான் நாளைக்கு அந்தத் திட்டுக்கு விதை நெல். பார்க்க அழகாக இருக்கிறது என்று நாம் உடைக்க நினைப்பதும் அதைத்தான்.

கடலில் திரும்ப விடுவது பற்றியும் ஒரு வார்த்தை. அட்லாண்டிக் கடலுக்குச் சொந்தமில்லாத லயன் மீன் 1985இல் புளோரிடாக் கரையில் முதலில் தென்பட்டது. தொட்டியில் வளர்த்தவர்கள் விட்டதே காரணம் என்று கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க அது இருக்கிறது. மத்தியதரைக் கடலில் 1984இல் மொனாக்கோ அருகே ஒரு சிறு திட்டாகத் தெரிந்த கௌலர்பா பாசி பிறகு கடலடியில் பல்லாயிரம் ஏக்கர் பரவியது. நம் பக்கத்தில் மண்டபத்தில் வளர்க்கக் கொண்டுவந்த காப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்ததை மன்னார் வளைகுடாவில் பார்த்தோம். தொட்டி மீனை பெசன்ட் நகர்க் கடற்கரையில் கொண்டுபோய் விடுவது புண்ணியம் என்று தயவுசெய்து யாரும் நினைக்க வேண்டாம். தேவையில்லாத மீன் இருந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள், வீடு பார்த்துத் தருகிறோம். கழிவுத் தண்ணீரையும் பாறையையும் பிளீச் போட்ட பிறகே வெளியேற்றுங்கள்.

பொதுக்குழு ஏற்ற தீர்மானம் இதுதான்: உறுப்பினர் யாரும் வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கடல் உயிரையோ, பவளம், லைவ் ராக் (உயிர்கள் ஒட்டியிருக்கும் கடல் பாறை), சங்கு போன்றவற்றையோ பயணப் பெட்டியில் கொண்டுவரக் கூடாது. அப்படி வந்ததைச் சங்கத்தின் பரிமாற்ற நாளில் கொடுக்கவோ வாங்கவோ கூடாது. கடையில் வாங்கும்போது எங்கிருந்து வந்தது, வளர்த்ததா பிடித்ததா என்று கேட்டு, வளர்த்தது கிடைத்தால் அதையே வாங்க வேண்டும். டெஸ்ட் கிட், ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவை நீக்கும் கருவி) பாகம், பம்ப் மாதிரிப் பொருள்களைத் தாராளமாகக் கொண்டுவாருங்கள்.

சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிருள்ள விலங்குகளை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2024 பிப்ரவரி இறுதியில் வந்து, ஆறு மாத அவகாசமும் முடிந்துவிட்டது. படிவம் புரியாதவர்களுக்கு உதவ செயற்குழுவில் இருவர் இருக்கிறார்கள்.

மகிழ்ச்சியான செய்தி இனப்பெருக்கக் குழுவிடமிருந்து. க்ளவுன் மீன் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் இருட்டில் பொரிக்கும். வெளிவருகிற குஞ்சுக்கு உணவாக ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர் தயாராக இல்லையென்றால் எல்லாம் போய்விடும். பாசி வளர்ப்பு, ரோட்டிஃபர் வாளி என்று வீட்டாரின் பொறுமையைச் சோதித்து, குழுவினர் குஞ்சுகளை உடம்பில் வெள்ளைக் கோடு விழும் பருவம் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் செய்து காட்டிய வழிதான் இது. நம் வீட்டு மாடியிலும் அது முடியும் என்று தெரிந்ததில் எனக்குப் பெருமை. மாலத்தீவு போய்வந்த அந்தத் தம்பிக்கு முதல் ஜோடியைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் கொண்டுவந்தது நீருக்கடியில் எடுத்த படங்கள். ஜூலைக் கூட்டத்தில் காட்டுவார்.

வரும் ஆண்டுக்கு இரண்டு வேலைகள் இருக்கின்றன. அனுமதி கேட்டு மண்டபம் ஆராய்ச்சி மையத்துக்கு ஒரு பயணம் போவது, ரோட்டிஃபர் விதைக் கல்ச்சரை இரண்டு வீடுகளில் தொடர்ந்து வைத்திருப்பது. கல்ச்சரைப் பார்த்துக்கொள்ள முன்வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுங்கள். சந்தா பாக்கி உள்ளவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்