பேச்சும் சேர்ந்ததுதான் கச்சேரி

இசைச் செயலிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் தங்கைக்கு ஓர் ஆல்பத்தின் சுட்டியை அனுப்பினேன். அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் 1972 அக்டோபர் 6-ஆம் தேதி இரவு நியூயார்க் கார்னெகி ஹாலில் பாடிய கச்சேரி அது. அடுத்த ஆண்டு இரட்டை இசைத்தட்டாக வந்தது. "முதல் பாட்டிலிருந்து வரிசையாகக் கேள்" என்று சொல்லியிருந்தேன். அவளுடையது பணம் கட்டாத கணக்கு. செயலி எடுத்த எடுப்பில் போட்டது கச்சேரியின் கடைசிப் பாட்டை. அப்புறம் ஒரு சோப்பு விளம்பரம். அப்புறம் வேறு யாரோ பாடியது. "பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அவர் ஏன் நடுநடுவே பேசிட்டே இருக்கார்?" என்று கேட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பேச்சுக்காகத்தான் இந்த மடல். விதர்ஸ் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். 28 வயது வரை திக்கித் திக்கிப் பேசியவர். 9 ஆண்டுகள் கடற்படையில் இருந்தார். பிறகு விமானங்களுக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. 1971-ல் வந்த முதல் ஆல்பத்தின் அட்டையில் கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறார். அப்படிப்பட்டவர் மறு ஆண்டே கார்னெகி ஹால் மேடையில் நின்று, நிறைந்த சபையிடம் தன் பாட்டியைப் பற்றிக் கதை சொல்கிறார். அந்தப் பாட்டியின் கைகளைப் பற்றிய 'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' ஸ்டூடியோவில் 2 நிமிடப் பாட்டு. இங்கே 5 நிமிடத்தைத் தாண்டுகிறது. கூடியது பெரும்பாலும் அந்தப் பேச்சுதான். பாட்டி போன தேவாலயத்தை அவர் சொல்லச் சொல்ல ஜனங்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டவர்களுக்குத்தான் அடுத்து வரும் பாட்டு தொண்டையை அடைக்கும்.

இன்னொரு பாட்டு, 'ஐ கான்ட் ரைட் லெஃப்ட்-ஹேண்டட்'. வியட்நாம் போரில் வலது கையை இழந்த ஒரு பையன், அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறான். இடது கையால் அவனுக்கு எழுத வராது. போர் அப்போது முடிந்திருக்கவில்லை. விதர்ஸ் முதலில் அந்தப் பையனைப் பற்றி நிதானமாகப் பேசுகிறார், பின்னால் வாத்தியங்கள் மெல்ல வாசித்துக்கொண்டிருக்கின்றன. எங்கே பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பித்தது என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது. இந்தப் பாட்டை அவர் எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் வைக்கவில்லை. அதைத் தேடி வருகிறவருக்கு இந்த ஒரு இரவுதான் கதி.

ஒரு கச்சேரி ஆல்பத்தைத் திறந்தால், காசு கட்டினாலும் கட்டாவிட்டாலும், முதலிலிருந்து வரிசையாகப் போடுங்கள். விளம்பரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் வரவு வேண்டும், சரி. இரட்டை இசைத்தட்டுக்கு நான்கு பக்கம் உண்டு. பக்கம் முடிகிற இடத்தில் போடுங்கள், கைதட்டலுக்கு நடுவில் வேண்டாம். ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையையும் கலந்துவிடும் வசதியை இந்த மாதிரி ஆல்பங்களுக்கு அணைத்துவையுங்கள்.

அப்புறம், வாசித்தவர்களின் பெயரைப் போடுங்கள். டிரம்ஸ் ஜேம்ஸ் கேட்சன், பேஸ் மெல்வின் டன்லப், கீபோர்டு ரே ஜாக்சன், கிதார் பெனோர்ஸ் பிளாக்மன், தாள வாத்தியங்கள் பாபி ஹால். கடைசியில் வரும் 'ஹார்லம்' 13 நிமிடம் ஓடுகிறது. கேட்சனின் தாளத்தோடு சபை முழுக்கக் கைதட்டிக்கொண்டு போகும். என் தங்கை முதலில் கேட்டது அதைத்தான். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன நடந்தது என்றே தெரியாமல் கேட்டிருக்கிறாள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறாள். நான் உட்காரவைத்து முழுசாகப் போட்டுக் காட்டுவேன். அப்படிக் காட்ட ஆள் இல்லாதவர்களுக்கு நீங்கள்தான் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் செயலியில் தினமும் பாட்டுக் கேட்கும் ஒருவன்