டிரிங்கோமலி கப்பலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்வோருக்கு

பிரித்தானியாவில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்,

வணக்கம். வடகிழக்கு இங்கிலாந்தின் ஹார்ட்லபூல் துறையில் அருங்காட்சியகமாக நிற்கும் பழைய மரப் போர்க்கப்பல் 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'யைப் பார்க்கப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறீர்கள் என்றால், பீரங்கி, முகப்புச் சிலை, ஒரு குழுப்படம் என்று மேல்தளத்தோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கப்பலின் அருமை அதன் மரத்தில் இருக்கிறது. அதைக் காணக் கீழே இறங்க வேண்டும்.

புறப்படுமுன் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். டிரிங்கோமலி என்பது திருகோணமலையின் ஆங்கிலப் பெயர். கப்பல் திருகோணமலையில் கட்டப்படவுமில்லை, அங்கே போரிடவுமில்லை. 1782 செப்டம்பர் 3 அன்று பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் திருகோணமலைக்கு அப்பால் மோதிய கடற்போரின் நினைவாக வைத்த பெயர் அது. கட்டியது பம்பாயில், பார்சிக் கப்பல் கட்டுநரான ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. நீரில் இறங்கியது 1817 அக்டோபர் 12. உலகிலேயே பழைய மிதக்கும் போர்க்கப்பல் என்றும் சொல்லித்தர வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டனில் மிதக்கும் 'கான்ஸ்டிடியூஷன்' 1797ஆம் ஆண்டுக் கப்பல். ஐரோப்பாவில் மிதப்பவற்றுள் மூத்தது என்பதே சரி.

மரத்துக்கு வருவோம். நெப்போலியப் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் மலபார்த் தேக்கு. ஓக்கில் உள்ள அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். ஆணி மெலிய, அதன் துளை பெரிதாகும், நீர் புகும், மரம் உளுத்துப்போகும். தேக்கிலோ இயல்பாகவே எண்ணெய் உண்டு. ஆணியும் நிற்கும், மரமும் நிற்கும். 1819இல் போர்ட்ஸ்மத் வந்த கப்பல் 1845 வரை அங்கே சும்மா கிடந்தது. அதன் பிறகும் கடலோடியது, பயிற்சிக் கப்பலாக உழைத்தது. 1990 முதல் 2001 வரை பழுதுபார்த்தபோதும் உடலின் பெரும்பகுதி பழைய மரமாகவே தேறியது.

எனவே கீழறை திறந்திருந்தால் முதலில் அங்கே போங்கள், பிள்ளைகள் களைக்காதிருக்கும்போதே. ஏணிகள் செங்குத்தானவை. முகம் ஏணியைப் பார்த்தபடி, இரு கைகளாலும் பிடித்து இறங்கச் சொல்லுங்கள். ரப்பர் அடிக் காலணி நல்லது. கீழ்த்தளங்களில் உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டும், விட்டம் தலையில் இடிக்கும். கீழறையில் விட்டமும் பலகையும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று காட்டுங்கள்.

அடுத்து, மாலுமிகள் உண்டு உறங்கிய தளம். 14 அங்குல நூலொன்று எடுத்துச் செல்லுங்கள். ஒருவரின் தூக்குப்படுக்கைக்குக் கடற்படை ஒதுக்கிய அகலம் அவ்வளவுதான். கடலில் பாதிப் பேர் எப்போதும் காவல் முறையில் இருந்ததால் பக்கத்து இடமும் கிடைத்தது. அருகருகே நின்று அளந்தால் எந்த விளக்கமும் தேவைப்படாது.

மேல்தளத்தை கடைசிக்கு வையுங்கள். பலகைகளுக்கு இடையே ஓடும் கறுப்புக் கோடுகள் கலப்பத்து அடித்தவை, அதாவது நீர் புகாமல் இடுக்கை அடைத்தவை: கயிற்று நாரை உளியும் கொட்டாப்புளியும் கொண்டு திணித்து, மேலே கீல் (உருக்கிய தார்) ஊற்றுவார்கள். பழைய மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிட மழைநீரே பெரிய எதிரி. உப்பு பூஞ்சையைத் தடுக்கும், நன்னீர் வளர்க்கும். வெயிலில் பலகை சுருங்கிக் கோடு விண்டால், அடுத்த மழை அதன் வழியே இறங்கி விட்டத்தின் நுனியில் தங்கும். உளுப்பு அங்கேதான் தொடங்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல்.

கரைக்கு வந்தபின் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்னும் பின்னும் ஒடுங்கிய பகுதிகளுக்கு மிதப்பு குறைவு, நடுவுக்கு அதிகம். ஆகவே ஆண்டுகள் போகப் போக முனைகள் தாழ்ந்து, கப்பலின் அடிமரமான ஏரா நடுவில் மேல்நோக்கி வளையும். எல்லா மரக்கப்பலுக்கும் வரும் கேடு இது. எங்கே தாழக்கூடும் என்று பெரிய பிள்ளைகளைக் கேளுங்கள்.

மூத்த வகுப்புக்கு இன்னொரு பயணம் முடியுமானால் ஸ்காட்லாந்தின் டண்டியில் உள்ள 'யூனிகார்ன்' கப்பலைப் பாருங்கள். டிரிங்கோமலியைப் போலவே 'லீடா' எனும் போர்க்கப்பல் வகை, 1824இல் நீரில் இறங்கியது. ஆனால் பாய்மரம் நாட்டாமல், தொடக்கத்திலேயே கூரை போட்டு நிறுத்திவிட்டார்கள். மழை படாததால்தான் அதன் ஓக் இன்றுவரை நிற்கிறது.

அன்புடன்,
மரக்கலப் பராமரிப்பு அறிந்த சிலர்